‘மர்ம நபர்’ என்று எழுதிப் பழகிய கை நாவல் எழுதுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்பது வருடமாக ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பிரெஞ்சு அதிபரைக் கொல்லக் கூலிக்கு ஒருவன் கிளம்பும் கதையான, ஆங்கில எழுத்தாளர் ஃபிரெட்ரிக் ஃபோர்ஸித்தின் ‘தி டே ஆஃப் த ஜக்கால்’ நாவலைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லையாம். “அவரும் நிருபராக இருந்தவர்தானே? அந்த வேலை அவருக்கு எப்படிக் கைகொடுத்தது? நானும் வேலையை விட்டுவிட்டு நீலகிரியை வைத்து ஒரு சஸ்பென்ஸ் நாவல் எழுதலாமா? கோடநாட்டை எடுத்துக்கொள்ளலாமா?” என்று மூன்று கேள்விகள்.

நான் கோவையில் ஒரு பத்திரிகையின் செய்தி மேஜையில் இருபத்திரண்டு வருடம் நீலகிரிப் பக்கத்தைப் பார்த்தவன். இப்போது குன்னூரில் ஓய்வாக இருக்கிறேன். உங்களைப் போன்ற நிருபர்கள் போனில் சொன்னதை எழுதி, வெட்டி, பக்கத்தில் அடைத்ததுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தே சொல்கிறேன். வேலையை விட வேண்டாம். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஃபோர்ஸித் 1938ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆஷ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். பள்ளி முடிந்ததும் விமானப்படையில் சேர்ந்து வாம்பயர் ஜெட் ஓட்டினார். 1958ல் அதை விட்டுவிட்டு ‘ஈஸ்டர்ன் டெய்லி பிரஸ்’ என்ற வட்டாரப் பத்திரிகையில் நிருபர். லண்டன் பத்திரிகை இல்லை, நம்முடையதைப் போல ஊர்ப் பத்திரிகை. மூன்று வருடம் அங்கே உழைத்த பிறகுதான் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு நன்றாகப் பேசுவார் என்பதால் 1962ல் பாரிசுக்கு அனுப்பினார்கள். கதை அங்கேதான் விதையாக விழுந்தது.

பிரான்சின் பிடியிலிருந்த அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காக பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொன்றே தீருவோம் என்று ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய அமைப்பு அலைந்துகொண்டிருந்த வருடம் அது. 1962 ஆகஸ்ட் 22ஆம் தேதி பாரிசின் புறநகரில் அவருடைய காரைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டன. அவரும் மனைவியும் காயமில்லாமல் தப்பினார்கள். அடுத்த முயற்சி எப்போது நடக்கும் என்று தெரியாததால் டி கோல் எங்கே போனாலும் நிருபர்கள் பின்னால் போக வேண்டும். ஃபோர்ஸித்தும் போனார். காத்திருக்கும் நேரத்தில் மெய்க்காவலர்களோடு பேச்சுக் கொடுத்தார். பேசப் பேச அவருக்கு ஒன்று பிடிபட்டது. ஓ.ஏ.எஸ். ஆட்கள் ஜெயிக்கப் போவதில்லை. அத்தனை பேருடைய பெயரும் படமும் போலீஸ் ஃபைலில் இருக்கிறது, இயக்கத்துக்குள்ளேயே உளவாளிகள் இருக்கிறார்கள். எந்த ஃபைலிலும் இல்லாத ஒரு வெளியாள், கூலிக்கு வந்தால்?

அன்றைக்கு இது செய்தி இல்லை. நடக்காத ஒன்றைச் செய்தியாக எழுத முடியாது. ஏழெட்டு வருடம் அவர் மண்டையிலேயே கிடந்தது.

நடுவில் கிழக்கு பெர்லினில் நிருபராக இருந்தார். 1964 ஏப்ரலில் ஓர் இரவு தெருவில் வரிசையாக ராணுவ டாங்கிகள் போவதைப் பார்த்து, பதறிப்போய்ச் செய்தி அனுப்பிவிட்டார். உலகப் போரே வரப்போகிறது என்று தலைநகரங்கள் கலங்கின. கடைசியில் பார்த்தால் மே தின அணிவகுப்புக்கு ஒத்திகை. ஏன், எதற்கு என்று விசாரிக்காமல் போன் போட்ட ஒரே தடவை என்று வைத்துக்கொள்ளலாம். (ஆயுள் முழுக்க அதை அவரே சொல்லிச் சிரித்தார். நம் ஊரில் வளர்ப்பு நாயைச் சிறுத்தை என்று போட்டுவிட்டு மறுநாள் வாயைத் திறக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.)

பிறகு பிபிசி. 1967ல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவில் போர் மூண்டபோது அங்கே அனுப்பினார்கள். பிரிட்டிஷ் அரசு நைஜீரியாவின் பக்கம். ஃபோர்ஸித் கண்ணால் பார்த்ததோ பட்டினியில் வயிறு வீங்கிச் சாகும் குழந்தைகளை. மேலிடத்தோடு முட்டிக்கொண்டு 1968ல் பிபிசியை விட்டார். சொந்தப் பொறுப்பில் திரும்பிப்போய் எழுதினார். 1969ல் அந்தப் போரைப் பற்றி வந்ததுதான் அவருடைய முதல் புத்தகம், அது நாவல் இல்லை.

போர்முனையிலிருந்து லண்டன் திரும்பியவருக்கு 1970 ஜனவரியில் வேலை இல்லை, வீடு இல்லை, காசு இல்லை. பிபிசியோடு சண்டை போட்டவருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. நண்பர் வீட்டில் ஒட்டிக்கொண்டு, பழைய டைப்ரைட்டரில் அந்த ‘வெளியாள்’ கதையை அடித்தார். 35 நாளில் முடிந்தது.

இந்த 35 நாள் கணக்கைச் சொல்லித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எழுதியது 35 நாள். விசாரித்தது 1962லிருந்து. பாரிசின் தெரு, போலீஸ் பிரிவுகளின் உட்பூசல், மெய்க்காவலர் எங்கே நிற்பார், எப்போது சலித்துப்போவார், இதெல்லாம் நிருபராகத் திரிந்தபோது சம்பளத்தோடு சேர்த்து வாங்கியது.

மூன்று நான்கு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அவர்கள் சொன்ன காரணம் நியாயமாகத்தான் படும். டி கோல் அப்போது உயிரோடு இருந்தார். அவரைக் கொல்ல ஒருவன் கிளம்புகிறான் என்றால், அவன் தோற்றுப்போவான் என்று அட்டையைப் பார்த்தவனுக்கே தெரியும். இதில் என்ன சஸ்பென்ஸ்? கடைசியில் ஹட்சின்சன் பதிப்பகம் எடுத்தது. முதல் அச்சு 8,000 பிரதி. புத்தகம் 1971 ஜூனில் வந்தது. அதற்கு முன்பே, 1970 நவம்பர் 9ஆம் தேதி, டி கோல் தன் வீட்டில் இயற்கையாக இறந்துபோனார். முடிவு தெரிந்த கதை இன்னும் தெரிந்த கதையாயிற்று. அப்படியும் உலகம் முழுக்க விற்றது. 1972ல் மர்மக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருது, 1973ல் சினிமா. வாழ்நாளில் அவருடைய புத்தகங்கள் ஏழு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன.

பதிப்பகத்தார் எங்கே தவறவிட்டார்கள்? அதைச் சொல்ல ஒரு தேயிலை மூட்டைக் கதைக்குப் போக வேண்டும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் ஊர்ப் பக்கமிருந்து நிருபர் போன் செய்தார். ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் மூட்டைகள் திருட்டு. “எத்தனை மூட்டை?” “நாற்பது சார்.” “ஒரு மூட்டை எத்தனை கிலோ?” “முப்பதுக்கு மேல இருக்கும்.” ஆயிரத்து இருநூறு கிலோ. ஃபேக்டரி ராத்திரியிலும் ஓடுகிறது. வித்தரிங் தொட்டியில் இலை வாடிக்கொண்டிருக்கிறது, ஃபேன் போட்டபடி இருக்கிறது, ஆட்கள் ஷிஃப்டில் இருக்கிறார்கள். கேட்டில் வாட்ச்மேன். வெளியே மூன்றடிக்கு மேல் கண் தெரியாத மிஸ்ட். “லாரி சத்தம் கேட்டிருக்குமே, எப்படிக் கொண்டு போனான்?” என்றேன். “அது தெரியலை சார், பக்கம் முடியப்போகுதுன்னு சொன்னீங்களே.” சொன்னேன்தான். நான்கு வரியில் அடைத்தேன். மர்ம நபர்கள் தேயிலைத் தூள் மூட்டைகளைத் திருடிச் சென்றனர். போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.

பல வருடம் கழித்து அதே நிருபர் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொன்னார். ராத்திரி யாருமே வரவில்லையாம். நல்ல தூளைக் கழிவுத் தேயிலை மூட்டையில் அடைத்து, கழிவுக் கணக்கில் எழுதி, பட்டப்பகலில் கேட் வழியாக, வாட்ச்மேன் சல்யூட் அடிக்கவே அனுப்பியிருக்கிறார்கள். பல மாதம் நடந்திருக்கிறது. இருப்பு எண்ணும் நாள் வந்ததும் ‘திருட்டு’ என்று புகார். கழிவுத் தேயிலைக்கென்று 1959லிருந்தே தனிக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, அதற்குக் கணக்கு வைக்க வேண்டும், லைசென்ஸ் வேண்டும். அந்தக் கணக்கு நோட்டுதான் அவர்களுக்குச் சாவி.

அந்தக் கதையை எனக்கு முன்னால் வைத்துக்கொண்டு நான் போட்டது நான்கு வரி. யார், என்ன, எங்கே, எப்போது என்பதற்குப் பத்திரிகையில் இடம் உண்டு. ‘எப்படி’ வந்தால் பக்கம் முடிந்துவிடும். ஃபோர்ஸித் அந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு நானூறு பக்கம் போனார். டி கோல் சாவாரா என்று படிக்கிறவர் கவலைப்படவில்லை. இவன் எப்படித் துப்பாக்கி வாங்குவான், அதை எப்படி எல்லை தாண்டிக் கொண்டு வருவான், போலீஸ் எப்படி மோப்பம் பிடிக்கும் என்றுதான் பக்கத்தைப் புரட்டுகிறார். காட்டுக்குள் போய்த் முலாம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுத் துப்பாக்கியைச் சோதிக்கிற இடம் இருக்கிறதே, அங்கே யாரும் சாகவில்லை, யாரும் துரத்தவில்லை. ஆனாலும் வயிற்றைப் பிசையும். குழந்தையில் இறந்துபோன ஒருவரின் பிறப்புச் சான்றிதழை வைத்து அசல் பாஸ்போர்ட் எடுக்கும் வழியை அவர் அதில் எழுதினார். அந்த மோசடிக்கு பிரிட்டனில் இந்த நாவலின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கொலைகாரனுக்கு அவர் கடைசி வரை நிஜப் பெயர் கொடுக்கவில்லை. அசல் ‘மர்ம நபர்’. நாம் தெரியாததால் அப்படி எழுதுகிறோம். அவர் அவனுடைய சட்டைப் பொத்தான் வரை தெரிந்துகொண்டு பெயரை மட்டும் மறைத்தார்.

நிருபர் கைவசம் கொண்டுபோக வேண்டியது இது. விட்டுவிட்டுப் போக வேண்டியது ஒன்று உண்டு, அது கஷ்டம். செய்தியில் முடிவை முதல் வரியில் வைக்கப் பழகியிருக்கிறோம். ‘கோத்தகிரி அருகே பள்ளத்தில் வேன் கவிழ்ந்து மூவர் பலி’ என்று ஆரம்பித்த பிறகு, கீழே வெட்டினாலும் பரவாயில்லை என்று எழுதுகிற எழுத்து அது. நாவலில் வேன் முதல் அத்தியாயத்தில் கிளம்ப வேண்டும், பிரேக்கில் ஏதோ சத்தம் கேட்க வேண்டும், டிரைவர் டீ குடிக்க இறங்க வேண்டும். உங்கள் கை இதற்கு உடனே பழகாது. என்னிடம் நாவல் முயற்சி என்று கொண்டுவந்து கொடுத்த நிருபர்கள் பலர், தங்களுக்கே தெரியாமல் முதல் பத்தியிலேயே கொலையாளி யார் என்று சொல்லிவிடுவார்கள். தொழில் பழக்கம், என்ன செய்ய?

தமிழில் பத்திரிகைக்காரர்கள் துப்பறியும் கதை எழுதியது புதிதில்லை. ‘ஆனந்த விகடன்’ நிர்வாக ஆசிரியராக இருந்த தேவன் துப்பறியும் சாம்புவை உருவாக்கினார். ‘கல்கண்டு’ ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லாலை என் அப்பா தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். இரண்டு பேருமே ஆசிரியர் நாற்காலியை விடாமல்தான் எழுதினார்கள். வாரா வாரம் ‘தொடரும்’ போடுவதற்காக அவர்கள் கற்ற உத்தி வேறு. கதவு திறந்தது, உள்ளே... அடுத்த வாரம். அது ரசமானதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். நிருபருக்கு இயல்பாக வருவது அந்த ‘எப்படி’தான் என்று நினைக்கிறேன்.

இப்போது நீலகிரிக்கு வருவோம். “நம்ம ஊரில் பனியும் பங்களாவும் இருக்கு சார்” என்று எழுதியிருந்தீர்கள். பனியையும் பங்களாவையும் சினிமாக்காரர்கள் தேய்த்துவிட்டார்கள். அதை விடுங்கள். உங்களுக்குத் தெரிந்து சினிமாக்காரருக்குத் தெரியாதது எது?

உதாரணத்துக்கு, எந்த ஃபைலிலும் இல்லாத ஒரு வெளியாள் இன்றைக்கு ஊட்டிக்கு வருகிறான். 2024 மே 7லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். வண்டி எண், ஆட்கள், எங்கே தங்குகிறார்கள் எல்லாம் பதிவாகும். டி.என். 43 வண்டி என்றால் உள்ளூர், கேள்வி குறைவு. அப்படியானால் அவன் வண்டியில் வருவானா? அரசு பஸ்ஸில் வருபவருக்கு இ-பாஸ் இல்லை. மலை ரயிலில் வரலாம், மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், பெட்டி முழுக்க செல்ஃபி எடுக்கிற கூட்டம், அவன் முகம் எத்தனை பேர் போனில் இருக்கும்? சரி, வந்துவிட்டான். எப்படித் திரும்புவான்? கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாம் என்றால் 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டியை அந்தப் பக்கம் இறங்க விடமாட்டார்கள். கூடலூர் வழியாகப் போய் மைசூர் சாலையைப் பிடித்தால், பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துத் தடை. கர்நாடக எல்லையில் இருக்கும் கக்கநல்லா செக்போஸ்ட்டை ஒன்பதுக்குள் தாண்டவில்லை என்றால் இரவு முழுக்க மாட்டிக்கொண்டான். ஊட்டியில் வேலை முடிந்தது ஏழு இருபதுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு யானை நிற்கிறது.

பாருங்கள், நான் இன்னும் யாரையும் கொல்லவில்லை, பாத்திரத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த விவரங்கள் உங்கள் பழைய நோட்டுகளில் கிடக்கும்.

கோடநாடு வேண்டாம். 2017 ஏப்ரலில் எஸ்டேட் காவலாளி கொல்லப்பட்டதை வைத்து எழுதினால் விற்கும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். கோர்ட் ஏறிய வழக்கில் உயிரோடு இருப்பவர்களைப் பாத்திரமாக்கினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அது சின்ன விஷயம். நாளைக்கு அதே வழக்கைப் பற்றி நீங்கள் செய்தி எழுதினால், எது கதை எது செய்தி என்று யார் நம்புவார்? ஃபோர்ஸித் நிஜ மனிதர்களைத் தாராளமாக உள்ளே கொண்டுவந்தார், உண்மைதான். ‘ஜக்கால்’ தொடங்குவதே 1963 மார்ச்சில் நிஜமாக நடந்த ஒரு மரண தண்டனையில். ஆனால் அது தீர்ப்பு எழுதி முடிந்த விஷயம். கொலைகாரனோ முழுக் கற்பனை. அடுத்த நாவலான ‘ஒடெசா ஃபைல்’ நூலில் ரோஷ்மன் என்ற நிஜ நாஜி அதிகாரியை வில்லனாக்கினார். அவன் அப்போது தலைமறைவாக இருந்த போர்க் குற்றவாளி. அந்த நாவல் சினிமாவாக வந்த பிறகு அர்ஜென்டினாவில் அவனை அடையாளம் கண்டு, அவன் பராகுவேக்கு ஓடி, 1977ல் அங்கே செத்தான். அந்த மாதிரி ஆள் கிடைத்தால் சொல்லுங்கள், நானே தட்டச்சு செய்து தருகிறேன்.

வேலையை விடுவது பற்றி. ஃபோர்ஸித் நாவல் எழுதுவதற்காக வேலையை விடவில்லை. வேலை இல்லாமல் நின்றபோது, கடனை அடைக்க எழுதினார். மைக்கேல் கானலி என்று இன்னொருவர், ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் க்ரைம் நிருபர். 1992ல் முதல் நாவல் வந்து, அதற்கு எட்கர் விருதும் கிடைத்த பிறகும் உடனே விடவில்லை, மூன்று நாவல் எழுதிய பிறகே முழுநேர எழுத்துக்குப் போனார். ஸ்வீடனின் ஸ்டீக் லார்சன் பத்திரிகை வேலைக்கு நடுவில் மூன்று நாவல் எழுதிவைத்துவிட்டு 2004ல் ஐம்பது வயதில் மாரடைப்பில் போய்விட்டார். முதல் புத்தகம் அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை.

நம் கணக்கைப் போடுங்கள். 200 ரூபாய் புத்தகம், பத்து சதவீத ராயல்டி. ஆயிரம் பிரதி விற்றால் உங்களுக்கு இருபதாயிரம் ரூபாய். அந்த ஆயிரமும் எத்தனை வருடத்தில் விற்கும் என்பது வேறு. வரி அளந்து காசு கொடுக்கிற நாளிதழ் சம்பளம் எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும், அதை நிர்ணயித்த கூட்டத்தில் நானும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த அடையாள அட்டைதான் உங்களை ஸ்டேஷனுக்குள், ஃபேக்டரிக்குள், பிணவறை வாசலுக்குக் கொண்டுபோகிறது. கோடிகள் பார்த்த ஃபோர்ஸித்தே படத்துக்கு லாபத்தில் பங்கு வேண்டாம் என்று 20,000 பவுண்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு நழுவவிட்டவர். 1990ல் ஒரு நிதி ஆலோசகரை நம்பிச் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்து, மறுபடி மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

அவர் எனக்கு அலுக்காததற்குக் காரணம் இன்னொன்று. 2009ல் எழுபது வயது. எவ்வளவோ சம்பாதித்தாயிற்று. போதைக் கடத்தல் பற்றிய நாவலுக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் கினி-பிசாவுக்கு நேரில் போனார். போய் இறங்கிய நேரத்தில் ராணுவத் தளபதி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டிருக்கிறார், விடிவதற்குள் அதிபரையும் கொன்றுவிட்டார்கள். நாவலாசிரியர் என்ன செய்தார்? பத்திரிகைகளுக்குச் செய்தி சொன்னார். அவரது பிற்காலக் கதைகளில் பல எனக்குப் பிடிக்காது, ஆயுதப் பட்டியல் நீண்டு கதை மெலிந்துவிடும், பெண்கள் வந்து போகிற விதமும் சகிக்காது. இருந்தும் 2025 ஜூன் 9ஆம் தேதி எண்பத்தாறு வயதில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று, அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த ‘ஜக்கால்’ பிரதியை எடுத்துத் முலாம்பழப் பக்கத்தை மட்டும் மறுபடி படித்தேன்.

நீங்கள் முதல் அத்தியாயத்தை இன்னும் தொட வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் கக்கநல்லா வரை போய் நில்லுங்கள். கேட் சரியாக ஒன்பதுக்கு இறங்குகிறதா, ஐந்து நிமிடம் முன்னாலா, இறக்குபவர் கையில் டார்ச் இருக்கிறதா, கடைசியாக வந்த வண்டிக்காரர் ‘ஆஸ்பத்திரி கேஸ்’ என்று கெஞ்சினால் யாருக்குப் போன் போடுகிறார்கள், அந்த நேரத்தில் போனுக்கு சிக்னல் இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வந்ததும் எழுதுங்கள். அடுத்த கேள்வியை நான் கேட்கிறேன். இந்தத் தடவை பக்கம் முடிகிறது என்று சொல்ல மாட்டேன்.